டேப்பட் கவரை மூடும் முன்…



மலர்க் குழுவில் முதலில் என்னிடம் கவிதைதான் கேட்டார்கள். நம் மலரில் கவிதைக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. அதனால் அந்த வேலையை அதற்கென்று பிறந்த நண்பர்களிடமே விட்டுவிட்டு, மூன்று வருடமாக மெக்கானிக்கல் படிக்கிறவன் என்ற உரிமையில் ஓர் இரும்புத் துண்டைப் பற்றி எழுதுகிறேன். அதன் பெயர் ராக்கர் ஆர்ம்.

பழைய எஞ்சினுக்கு வெளித்தயாரிப்பு ராக்கர் ஆர்ம் வாங்கி மாட்டுவதைப் பற்றி என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷாஃப்டில் நுழைந்துவிட்டது என்பதாலேயே அது பொருந்திவிட்டது என்று ஆகிவிடாது. மேலே கவர் இருக்கிறது, கீழே வால்வு இருக்கிறது, நடுவில் ஆயில் போகும் வழி இருக்கிறது. இந்த மூன்றையும் அளந்து பார்க்காமல் டேப்பட் கவரை மூடக் கூடாது. பழைய ராக்கரின் உடம்பு நன்றாக இருந்தால் புதுசு வாங்கவே தேவையில்லை, புஷ் மாற்றினால் போதும்.

"இதுக்குப் போய் ஒரு கட்டுரையா?" என்று கேட்பீர்கள். எனக்கு இது வெறும் ஸ்பேர் பார்ட்ஸ் விஷயம் இல்லை. சுருளிப்பட்டியில் எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பாவும் அம்மாவும் திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர்கள். கவாத்துக் காலத்தில் பந்தலுக்கு அடியில் நாள் முழுக்கக் கையைத் தூக்கியபடியே நின்றுவிட்டு வந்து, ராத்திரி சோற்றைப் பிசையக்கூடக் கை மடங்காமல் உட்கார்ந்திருப்பார் அப்பா. அந்தக் கூலியில்தான் எனக்கு ஃபீஸ் கட்டினார்கள். ஊரில் பார்க்கிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "என்னப்பா படிக்கிற?" மெக்கானிக்கல் என்பேன். "வண்டி வேலதான? அதுக்கு எதுக்குய்யா காலேஜு? கம்பத்துல ஒர்க் ஷாப்புல சேர்ந்திருந்தா இந்நேரம் நீ சம்பளம் வாங்கிட்டு இருப்ப!"

கிண்டலுக்காக அவர்கள் இதைக் கேட்பதில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறார்கள். வண்டி வேலைக்கும் டிப்ளமோவுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு வருடம் வரை எனக்கே பதில் தெரியாது. பதில் கிடைத்தது ஒரு பழைய அம்பாசிடரின் டேப்பட் கவருக்கு அடியில்.

அம்பாசிடரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற காரைப் பின்பற்றி, இந்துஸ்தான் மோட்டார்ஸ் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் 1957ல் தயாரிக்க ஆரம்பித்த வண்டி அது. முதலில் சைடு வால்வு எஞ்சின். 1959ல்தான் 1489 சி.சி. ஓவர்ஹெட் வால்வு எஞ்சின் வந்தது. அது பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் 'பி' வரிசை எஞ்சின். இதே 1489 சி.சி. எஞ்சினைத்தான் எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் போட்டார்கள். வெள்ளைக்காரன் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டிய ரெண்டு சீட்டு வண்டியும், எட்டுப் பேரை அடைத்துக்கொண்டு வீரபாண்டித் திருவிழாவுக்குப் போன வண்டியும் ஒரு வகையில் பங்காளிகள்! பிறகு 1992ல் இசுசு எஞ்சின் வந்தது, அதில் கேம் ஷாஃப்டே மேலே இருக்கும், இந்தக் கட்டுரைக்கு அது வேறு ஜாதி. 2014 மே மாதம் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றுபோனது. 2017ல் அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் பியூஷோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பெயருக்கு விலை போனது, ஓடிக்கொண்டிருக்கிற வண்டிகளுக்கு ஸ்பேர்? கம்பெனி பெட்டியில் வரும் ஒரிஜினல் குறைந்துகொண்டே போகிறது. இனிமேல் வெளித்தயாரிப்புதான் கதி. ஆகவே அதை எப்படிப் பார்த்து மாட்டுவது என்பது நம்மைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரிஜினல் அல்லாத எல்லாவற்றையும் நாம் 'டூப்ளிகேட்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அது தப்பு. இன்னொரு கம்பெனியின் பெயரைத் திருடி, அவன் பெட்டி மாதிரியே பெட்டி அடித்து விற்கிறானே, அதுதான் டூப்ளிகேட். தன் பெயரையே போட்டுத் தானே தயாரித்து விற்பது வெளித்தயாரிப்பு. அதில் ஒரிஜினலைவிட நல்லதும் உண்டு, கண்ணால் பார்க்கவே பயமாக இருப்பதும் உண்டு. மாட்டுகிறவன்தான் அளந்து பார்த்துப் பிரிக்க வேண்டும்.

சரி, கவரைத் திறப்போம். மேலே ரெண்டே நட்டு. உள்ளே நீளமாக ஒரு ஷாஃப்ட், அதைத் தாங்க நாலு தாங்கிகள், அதன்மேல் எட்டு ராக்கர் ஆர்ம்கள். கீழே இருந்து புஷ் ராடு ஒரு முனையைத் தூக்க, மறு முனை வால்வை அமுக்கும். கிணற்று ஏற்றம் மாதிரி. ஷாஃப்ட் உள்ளே குழாய்போல இருக்கும், ஒரு தாங்கியின் வழியாக ஆயில் ஏறி அதற்குள் போய், துவாரங்கள் வழியாக ஒவ்வொரு ராக்கருக்கும் வரும்.

இந்த ஷாஃப்ட் எங்கே தேயும் தெரியுமா? மேலேயா, கீழேயா? வகுப்பில் என் பக்கத்தில் இருக்கிற ஆறு பேரிடம் கேட்டேன். அஞ்சு பேர் மேலே என்றார்கள். யோசித்துப் பாருங்கள். ஒரு முனையில் புஷ் ராடு மேலே தள்ளுகிறது. மறு முனையில் வால்வு ஸ்பிரிங்கும் மேலேதான் தள்ளுகிறது. ரெண்டு பக்கமும் மேலே தள்ளினால், ராக்கர் ஷாஃப்டின் அடிவயிற்றைப் போய் அழுத்தும். தேய்மானம் எல்லாம் அடியில். மேலே இருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் ஷாஃப்ட் பளபளவென்று புதுசு மாதிரி இருக்கும். கழற்றி அடியில் நகத்தை ஓட்டினால்தான் படிபோலத் தட்டும். முதல் வருட மெக்கானிக்ஸ் பாடத்தில் படித்த விசைப் படம்தான் இது. தேர்வுக்காகப் படித்துவிட்டு மறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

கழற்றும்போது இன்னொரு விஷயம். இந்த எஞ்சினில் ராக்கர் தாங்கிகளைப் பிடித்திருக்கும் நட்டுகளில் நாலு, சிலிண்டர் ஹெட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிற நட்டுகள். அந்த நாலை மட்டும் கழற்றினால் ஹெட் ஒரு பக்கம் தளர்ந்து, ஒரு பக்கம் இறுகி நெளியும். ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள்ளும் ஆயில் சேம்பருக்குள்ளும் இறங்கும். அதனால் முதலில் ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டு, ஹெட் நட்டுகள் எல்லாவற்றையும் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். "ராக்கர்தான மாத்துறோம், தண்ணிய எதுக்குய்யா வடிக்கிற?" என்று கேட்டால் இதுதான் பதில்.

இப்போது நான் பார்த்த வண்டிக்கு வருகிறேன். எனக்கு மாமா முறை ஆகவேண்டிய ஒருவர் பழைய பெட்ரோல் அம்பாசிடர் வைத்திருக்கிறார். முகூர்த்த நாளில் மாப்பிள்ளை அழைப்புக்குப் போகும், மற்ற நாளில் வீட்டுச் சவாரி. அதில் 'டக் டக்' என்று டேப்பட் சத்தம். ஃபீலர் கேஜ் விட்டு வைத்தாலும் சத்தம் போகவில்லை. ஏன் போகாது என்றால், ராக்கரின் மூக்கு வால்வை அமுக்கி அமுக்கிக் குழி விழுந்திருக்கும். தட்டையான ஃபீலர் தகடு அந்தக் குழிக்குமேல் பாலம் போட்ட மாதிரி நிற்கும். தகடு காட்டுவது ஒன்று, உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். எனவே ராக்கர் செட்டை மாற்றச் சொன்னார்கள். அவரும் வெளியூர்க் கடை ஒன்றில் புது செட் வாங்கி வந்து மாட்டினார். எட்டும் ஷாஃப்டில் அழகாக நுழைந்தன. ஆனால் சத்தம் போகவில்லை!

'இன்னும் லூசா இருக்கு' என்று வழியில் ஒரு இடத்தில் டேப்பட்டை மேலும் டைட் வைத்தார்கள். சத்தம் அப்போதும் போகவில்லை. அடுத்த வாரம் லோயர் கேம்ப்பில் இருந்து குமுளி ஏறும்போது வண்டி இழுக்கவே இல்லை. டேப்பட் ஓவர் டைட் ஆனால் வால்வு முழுசாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைச் சீட்டில் உட்கார்ந்துதான் இறக்கிவைக்கும், உட்காரவே இடம் கொடுக்காவிட்டால் கருகிப்போகும். அப்படித்தான் ஆனது.

பிறகு எங்கள் பக்கத்து மெக்கானிக் அண்ணன் ஒருவர் கையில் வண்டி வந்தது. லீவில் நான் அவரிடம்தான் போய் நிற்பேன். அவர் ஆறாவது வரை படித்தவர். கவரைக் கழற்றியதும் ராக்கரைப் பார்க்காமல், கவரைத் திருப்பி வெயிலில் காட்டினார். "தம்பி, இங்க பாரு. பூனை பிராண்டுன மாதிரி இருக்கு." உள்பக்கம் மூன்று இடத்தில் பளபளவென்று கீறல். டேப்பட் ஸ்க்ரூவின் தலை கவரில் இடித்திருக்கிறது! அத்தனை நாளும் எல்லோரும் டேப்பட் சத்தம் என்று நினைத்தது, கவர் தட்டுப்படும் சத்தம். எத்தனை டைட் வைத்தாலும் அது எப்படிப் போகும்?

இடிக்கிறது என்று கண்டுபிடித்தது அண்ணன். ஏன் இடிக்கிறது என்று அளந்து சொன்னது நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன். புது செட்டின் ஸ்க்ரூவைப் பழசோடு சேர்த்து வெர்னியரில் வைத்தேன், நீளம் கூட. லாக் நட்டும் கனம் கூட. போதாததற்கு முன்பு எப்போதோ ஹெட்டை லெவல் பிடித்திருக்கிறார்கள். ஹெட்டைச் சீவினால் என்ன ஆகும்? ஹெட்டும் ஷாஃப்டும் கவரும் சேர்ந்து கீழே இறங்கும், ஆனால் புஷ் ராடு பழைய நீளத்திலேயே நிற்கும். ஆகவே ஸ்க்ரூவை மேலே ஏற்றித்தான் இடைவெளி வைக்க முடியும். அதோடு கார்க் பேக்கிங் பழசு, அமுங்கிப்போய்த் தகடாகிவிட்டது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் அற்பம். நாலும் ஒன்றாகச் சேர்ந்தபோது கவர் இடித்தது.

எத்தனை மி.மீ. இடம் இருக்கிறது என்று பார்க்க ஒரு வழி செய்தோம். சப்பாத்தி மாவைச் சின்னச் சின்ன உருண்டையாக ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலும் வைத்து, கவரின் உள்பக்கம் லேசாக ஆயில் தடவி, பேக்கிங்கோடு கவரை மூடினோம். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டிங் ஹேண்டில் போட்டு எஞ்சினை ரெண்டு முழுச்சுற்று சுற்றினோம். ரெண்டு சுற்று ஏன்? கிராங்க் ரெண்டு சுற்றினால்தான் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றி எட்டு வால்வும் ஒருமுறை திறக்கும். கவரைத் தூக்கி, அமுங்கிய மாவை பிளேடால் வெட்டிக் கனத்தை அளந்தால் இடம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். மூன்று ஸ்க்ரூ தலையில் மாவே இல்லை, வழித்து எடுத்திருந்தது. என் கருத்தில் எல்லா இடத்திலும் குறைந்தது 2 மி.மீ. இருக்க வேண்டும். ஏனென்றால் கவர் அதிரும், பேக்கிங் நாளாக நாளாக அமுங்கும்.

இனி என்ன செய்வது? பேக்கிங்கை ரெட்டையாகப் போடலாம், சுத்தியலால் கவரை வெளிப்பக்கம் தட்டி இடம் உண்டாக்கலாம். ரெண்டையும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ரெட்டைப் பேக்கிங் போட்டால் ஆயில் கசியும், கசிவை நிறுத்த நட்டை முறுக்கினால் கவர் நெளியும், நெளிந்தால் மறுபடியும் கசியும். அண்ணனோ குப்பைக் கூடையில் கிடந்த பழைய ராக்கர்களைத் தேடி எடுத்தார். ஃபோர்ஜிங் செய்த இரும்பு, உடம்பில் ஒரு கீறல் கிடையாது. தேய்ந்தது புஷ்ஷும் மூக்கும் மட்டும்தான். லேத் பட்டறைப் பெரியவர் ஒருவர் கன்மெட்டலில் எட்டு புஷ் கடைந்து அடித்து, ஆயில் துவாரத்தை நேர்ப்படுத்தித் துளைபோட்டு, ரீமர் விட்டுப் புது ஷாஃப்டுக்கு அளவு கொண்டுவந்தார். மூக்குக் குழியை வளைவு மாறாமல் கிரைண்டிங் பிடித்தார்கள். பழைய ஸ்க்ரூவே திரும்பிப் போனது. செலவு புது செட்டின் விலையில் பாதிகூட இல்லை. கவர் இடிக்கவில்லை.

ஆனால் எல்லா வண்டிக்கும் பழசே போதும் என்று நான் அடம் பிடிக்கவில்லை. எம்.ஜி. கார்களை வைத்திருக்கிற வெளிநாட்டுக்காரர்கள் இதே குடும்பத்து எஞ்சினுக்கு ரோலர் ராக்கர் வாங்கிப் போடுகிறார்கள். மூக்கில் சின்ன உருளை இருக்கும், வால்வு தலையைத் தேய்க்காமல் உருண்டு போகும். உராய்வு குறைவு, சந்தேகமில்லை. ஆனால் அதில் பல செட்டுகள் விகிதத்தையும் கூட்டித்தான் வருகின்றன. கம்பெனி ராக்கரின் விகிதம் சுமார் 1.4. ரோலரில் 1.55 போலக் கிடைக்கிறது. கேம் 6 மி.மீ. தூக்கினால் பழசில் வால்வு 8.4 மி.மீ. திறக்கும், புதுசில் 9.3. '0.9 மி.மீ.தானே கூட' என்று விட்டுவிட முடியாது. ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டுகிறதா, புஷ் ராடு ஹெட்டின் துவாரத்தில் உரசுகிறதா, ராக்கரின் தடித்த உடம்பு கவரில் தட்டுகிறதா என்று அத்தனையும் பார்க்க வேண்டும். தாங்கிக்கு அடியில் தகடு வைத்து ஷாஃப்டை உயர்த்தலாம். ஆனால் ஆயில் ஏறும் தாங்கிக்கு அடியில் வைக்கிற தகட்டில் துவாரம் போடாவிட்டால் எட்டு ராக்கரும் பட்டினிதான். அமெரிக்காவில் 1955ல் வந்த ஷெவர்லே வி-8 எஞ்சினுக்கு ரோலர் ராக்கர் போடுகிறவர்களுக்கும் இதே தலைவலி. அங்கே அதற்கென்றே உயரம் கூட்டிய கவர்கள் கடையில் விற்கிறார்கள். நமக்கு யார் விற்பார்கள்? செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு ஆர்டர் போடுகிற நண்பர்கள் இதை யோசிக்க வேண்டும். வீடியோவில் அவன் கவரை மூடும் இடத்தை வெட்டிவிடுகிறான்!

புல்லட் வைத்திருக்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டுக்கு ஃபீலர் கேஜே வேண்டாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது புஷ் ராடு விரலால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அம்பாசிடருக்கு அப்படி விரலை நம்ப முடியாது, ஒன்பது கணக்குத்தான். எட்டாவது வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவது, மூன்றாவது திறந்திருக்கும்போது ஆறாவது. கூட்டினால் எப்போதும் 9 வர வேண்டும். எங்கள் மெக்கானிக் அண்ணனுக்கு ஃபயரிங் ஆர்டர் என்ற வார்த்தை தெரியாது, ஒன்பது கணக்கு தூக்கத்திலும் தெரியும். எனக்கு ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2 என்று தெரியும், ஒன்பது கணக்கு அவர் சொல்லித்தான் தெரியும்.

இங்கேதான் நம் படிப்பின் மேல் எனக்கு வருத்தம். நம் ஆட்டோமொபைல் லேபில் ஒரு கட் செக்‌ஷன் எஞ்சின் நிற்கிறது. பிஸ்டனுக்குச் சிவப்பு, வாட்டர் ஜாக்கெட்டுக்குப் பச்சை என்று தேர்த் திருவிழா மாதிரி பெயிண்ட். அதன் ராக்கர் ஆர்ம் பெயிண்டோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டு அசைவதே இல்லை. நாம் அதைப் பார்த்துப் படம் வரைந்து பாகங்களைக் குறித்து மார்க் வாங்குகிறோம். மெட்ராலஜி லேபில் ஃபீலர் கேஜ், வெர்னியர், டயல் கேஜ் எல்லாம் எண்ணெய் பூசிப் பெட்டியில் தூங்குகின்றன. அந்த லேபும் இந்த லேபும் ஒரே வராந்தாவில்தான் இருக்கின்றன. டயல் கேஜ் அங்கிருந்து இங்கு வந்து ஒரு வால்வு எத்தனை மி.மீ. திறக்கிறது என்று ஒரு நாள்கூட அளந்ததில்லை!

"எலெக்ட்ரிக் வண்டி வந்தாச்சு, இன்னும் என்னடா ராக்கர்?" என்று ஒரு நண்பன் கேட்டான். வரட்டும், நல்லதுதான். ஆனால் நம் ஊரில் உழுகிற டிராக்டரில் புஷ் ராடும் ராக்கரும் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கின்றன. வண்டி நின்றால் கூலி நிற்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் நம் வகுப்பில் பாதிப் பேர்.

ஆகவே பேரவை நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு தேர்தலிலும் கேன்டீன், பஸ் பாஸ், ஆண்டு விழாவுக்கு மெல்லிசை என்று வாக்குறுதி கொடுக்கிறீர்கள். இந்த முறை முதல்வரிடம் ஓர் எஞ்சின் கேளுங்கள். புதுசு வேண்டாம். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போகிற ஓவர்ஹெட் வால்வு எஞ்சின் எதுவானாலும் சரி, அம்பாசிடர் கிடைத்தால் ரொம்ப சரி. பெயிண்ட் அடிக்க வேண்டாம். கையால் சுற்றினால் சுற்ற வேண்டும், அவ்வளவே. மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் மெக்கானிக் அண்ணனைப் போல ஒருவரை அழைத்து வந்து, நம் ஆசிரியர்களோடு ஒரே பெஞ்சில் நிறுத்துங்கள். ரெண்டு வகை ராக்கர் செட்டைக் கொடுங்கள். எது பொருந்தும், எது பொருந்தாது என்று மாணவர்கள் அளந்து எழுதட்டும். ரெக்கார்டு நோட்டில் அந்தப் பக்கத்தை மட்டும் சீனியர் நோட்டைப் பார்த்துக் காப்பி அடிக்க முடியாது.

எஞ்சின் வந்து ஹெட்டைத் திறக்கிற அன்றைக்கு, தண்ணீர் வடிக்க வாளியும் சப்பாத்தி மாவும் நான் கொண்டுவருகிறேன்.